பாண்டீஸ்வரி பெயரில் ஒரு லேப்டாப்

போன வாரம் கவிதா போனில் அழைத்தார். மதுரையில் நான் பார்த்த வேலையை இப்போது பார்ப்பவர் அவர்தான். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த லேப்டாப் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா, சேர்ந்தது அவர்கள் கையிலேயே இருக்கிறதா என்று ஊர் ஊராகப் போய்ச் சரிபார்க்கிற வேலை. எங்காவது முடிச்சு விழுந்தால் என்னைக் கேட்பார். நானும், இன்னும் நம்மைக் கேட்க ஓர் ஆள் இருக்கிறதே என்ற சந்தோஷத்தில் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன்.

விஷயம் இதுதான். மறுபடியும் லேப்டாப் கொடுக்கப்போகிறார்கள் என்பதால், பள்ளிகளில் கிடக்கும் பழையவற்றைக் கழித்துக்கட்டச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. பேரையூர்ப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு பெண்கள் பள்ளியில் அப்படி ஒரு பழைய மெஷின். திறந்தால் முகப்பில் ‘பாண்டீஸ்வரி’ என்று பெயர் வருகிறது. அந்தப் பெயரில் இப்போது அங்கே படிக்கிற பிள்ளை யாரும் இல்லை. அதைவிட மோசம், அந்த மெஷினை யாரோ பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். அதுவும், உள்ளே பதிந்திருக்கும் தேதிகளைப் பார்த்தால், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்.

“கம்ப்யூட்டர் டீச்சரைக் கேட்டா சிரிக்கிறாங்க சார். பதிலே சொல்ல மாட்டேங்குறாங்க. வெளியாள் யாரோ உள்ள வந்து போறாங்கன்னு தோணுது. நாளைக்கே ஆபீஸ் வண்டியில போய்த் தூக்கிட்டு வந்துரவா?” என்று கேட்டார் கவிதா.

கொஞ்சம் பொறம்மா, யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அப்படி யோசித்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் லேசில் எதையும் நம்புகிற ஆள் இல்லை. திருமங்கலத்துக்கு மேற்கே எங்கள் ஊரில் பருத்தி விதை வாங்கும்போது அப்பா சாக்கின் வாயைப் பார்க்க மாட்டார், அடியில் கைவிட்டு ஒரு பிடி எடுத்துப் பார்ப்பார். அந்தக் கை எனக்கு வந்திருக்கிறது. பூக்காரி அளந்து போட்ட மல்லிகையை நான் மறுபடி அளப்பதைப் பார்த்து என் மனைவி, “தாலி கட்டுறப்பவும் பொண்ணு இவதானான்னு குனிஞ்சு பாத்த ஆளு” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். உண்மைதான், பார்த்தேன்.

கணக்கு வாத்தியாராகச் சேர்ந்தேன். அந்த வருஷங்களில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. என் புத்தி எதற்கு லாயக்கு என்று கண்டுபிடித்தவர் தேவசகாயம் சார். பொதுத்தேர்வுப் பறக்கும் படையில் அவருக்குக் கீழே என்னைப் போட்டார்கள். மிஷன் பள்ளியில் படித்து, மிஷன் பள்ளியிலேயே ஆசிரியராக இருந்து, பிறகு அரசுப் பணிக்கு வந்தவர். ஒல்லியான ஆள், மெல்லிய குரல். தேர்வு அறைக்குள் போனால் அவர் விடைத்தாளைப் பார்க்க மாட்டார், முகத்தையும் பார்க்க மாட்டார். “முகம் நடிக்கும். விரல் நடிக்காது. விரலைப் பாருங்க” என்பார். சொந்தமாக எழுதுகிற பிள்ளையின் விரல் நிற்கிற இடம் வேறு, அடுத்தவனைப் பார்த்து எழுதுகிற விரல் நிற்கிற இடம் வேறு. பார்த்து எழுதுகிறவன் சொல்லுக்கு நடுவில் நிற்பான். இது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தெரிந்த பிறகு எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறேன்.

இரண்டு தாள் ஒன்றுபோல இருந்தால் அவருக்கு ஒரே கேள்விதான். இதில் ஒரிஜினல் எது? எழுதியவன் யார், பார்த்தவன் யார் என்று தெரியாமல் அந்த அறையை விட்டு நகர மாட்டார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. கணக்கு வாத்தியார்களைக் கம்ப்யூட்டர் பக்கம் தள்ளினார்கள். மதுரையில் ஒரு பயிற்சி. தாடி வைத்த ஓர் இளைஞர் வந்து கட்டற்ற மென்பொருள் பற்றிப் பாடம் எடுத்தார். பிள்ளைகளுக்குக் கொடுக்கப்போகும் லேப்டாப்பில் இது இருக்கும், இதற்கு முதலாளி கிடையாது, யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம், காப்பி எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்றார். கொடுப்பது குற்றமில்லை, கொடுக்கத்தான் வேண்டும் என்று அழுத்திச் சொன்னார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உசிலம்பட்டி வாத்தியார் என் காதில், “காப்பியடிக்கிறவனைப் பிடிக்கத்தாண்ணே நமக்குச் சம்பளம். இவரு என்ன, அடிங்கடாங்கிறாரு?” என்றார். நான் எழுந்து, இதைச் செய்து சும்மா கொடுப்பவனுக்கு என்ன லாபம் என்று கேட்டேன். அவர் நீளமாகப் பதில் சொன்னார். எனக்குத் திருப்தியில்லை. சும்மா கொடுக்கிறேன் என்று எவன் வந்தாலும் அவன் கையைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அவர் படங்களும் காட்டினார். எங்கெங்கோ உள்ள நாடுகளில், மரத்தடியில், குடிசை வாசலில், ஏழைப் பிள்ளைகள் மலிவு விலைச் சின்ன லேப்டாப்புகளோடு உட்கார்ந்திருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் எல்லாப் படத்திலும் பிள்ளைகள் கேமராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், திரையை ஒரு பிள்ளைகூடப் பார்க்கவில்லை. படம் எடுத்து முடித்ததும் அந்த மெஷின்கள் எந்தப் பீரோவுக்குள் போயிருக்கும் என்று யோசித்துக்கொண்டே மதியச் சாப்பாட்டுக்குப் போனேன்.

லேப்டாப்புகள் வந்து, பிள்ளைகள் கைக்குப் போனதும், சரிபார்க்க ஒரு குழு போட்டார்கள். தலைமை தேவசகாயம் சார். தன்னோடு வர அவர் கேட்டது என்னை.

அவர் போகிற விதமே தனி. ஜீப் இருந்தும் எடுக்க மாட்டார், ஜீப் புறப்பட்டாலே சேதி முந்திக்கொண்டு போய்விடும் என்பார். பஸ்தான். பள்ளியில் டீ குடிக்க மாட்டார், தண்ணீர்கூடத் தன் பாட்டிலில் இருந்துதான். மதியத்துக்கு டப்பாவில் தயிர்சாதம், அதையும் பஸ் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். யாரையும் பொய் சொல்கிறீர்கள் என்று சொல்ல மாட்டார். “அப்படியா” என்பார், அவ்வளவுதான். அந்த அப்படியாவுக்குத் தலைமையாசிரியர்கள் வேர்த்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சரிபார்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு, மாற்றவே மாட்டார். பிள்ளை லேப்டாப்போடு வர வேண்டும். முதலில் மெஷினைத் திருப்பி அடியில் உள்ள எண்ணைப் படிப்பார். பிறகு ஆன் செய்து முகப்பில் என்ன பெயர் வருகிறது என்று பார்ப்பார். அதுவரை பிள்ளையின் பெயரைக் கேட்க மாட்டார், யாரும் சொல்லவும் கூடாது. கடைசியாகத்தான் பிள்ளையை உட்காரவைத்து, உன் பேரைத் தமிழில் அடி என்பார். அடிக்கும்போது நாங்கள் இருவரும் விரலைப் பார்ப்போம். வீட்டில் அதைத் தொட்டுப் பழகிய பிள்ளையா, இன்றைக்குத்தான் கையில் வாங்கி வந்த பிள்ளையா என்பது இரண்டு எழுத்துக்குள் தெரிந்துவிடும்.

சரிபார்த்த மெஷினின் அடியில், ஓரமாக, ரப்பர் ஸ்டாம்ப் மையை விரல் நுனியால் தொட்டு ஒரு பொட்டு வைப்பார். இது எதற்கு என்று எனக்கு முதலில் புரியவில்லை. அலங்காநல்லூர்ப் பக்கம் புரிந்தது. காலையில் ஒரு பள்ளி, மதியம் பக்கத்து ஊரில் இன்னொரு பள்ளி. மதியப் பள்ளியில் ஒரு பையன் கொண்டுவந்த மெஷினைத் திருப்பினார். மைப்பொட்டு இருந்தது. நாங்கள் பஸ் நிலையத்தில் தயிர்சாதம் சாப்பிட்ட நேரத்தில் அந்த மெஷின் டூவீலரில் எங்களை முந்திக்கொண்டு வந்திருக்கிறது. விற்றுத் தின்றதை மறைக்க அடுத்த பள்ளியில் இரவல் வாங்கியிருக்கிறார்கள். “இவரை எங்கயோ பாத்த மாதிரி இருக்கே” என்றார் சார் மெஷினைப் பார்த்து. தலைமையாசிரியர் நாற்காலியைத் தேடினார்.

அந்த மெஷினை அவர் அங்கே விட்டுவைக்கவில்லை. மதுரை வரைக்கும் பஸ்ஸில், தன் மடியில், மேலே துண்டு போர்த்தி, பிடித்தபடியே வந்தார். கண்டக்டர் விளையாட்டாக, “சார், மடியில இருக்கிறதுக்கு லக்கேஜ் டிக்கெட்டா?” என்று கேட்க, இவர் நிஜமாகவே ஒரு லக்கேஜ் டிக்கெட் வாங்கினார். அரசாங்கப் பொருள், முறைப்படிதான் வர வேண்டும் என்றார். அதன் பிறகு இப்படி எத்தனையோ மெஷின்கள் அவர் மடியில் பஸ் ஏறி வந்திருக்கின்றன.

இனி பேரையூர்ப் பள்ளி.

மிஷன் பள்ளி என்றால் சார் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார் என்று எனக்கு ஆரம்பத்தில் ஒரு சந்தேகம் இருந்தது. நடந்தது நேர்மாறு. மிஷன் பள்ளியில் அவர் இரண்டு மடங்கு முறைப்பாக இருப்பார். அன்றைக்கும் அப்படித்தான், வாசலில் மணி அடிக்கும்வரை வெளியே வேப்பமரத்தடியில் நின்று, மணி அடித்ததும் உள்ளே போனோம். தலைமையாசிரியை சிஸ்டர் வரவேற்றார். கம்ப்யூட்டர் ஆசிரியை ஜெசிந்தா, பள்ளி நிர்வாகம் தானாக வைத்துக்கொண்ட தற்காலிக ஆசிரியை. கணவர் இறந்தபின் அந்த வேலையை வைத்துத்தான் குடும்பம் ஓடுகிறது என்று பிறகு தெரிந்தது. பிளஸ் டூ பெண்கள் லேப்டாப்போடு வரிசையில் நின்றார்கள்.

முதல் மெஷினைத் திருப்பினார். எண் சரி. ஆன் செய்தார். முகப்பில் பாண்டீஸ்வரி என்று வந்தது. அடுத்த பெண் வந்தாள். எண் சரி. முகப்பில் பாண்டீஸ்வரி. அதற்கடுத்த மெஷினும் அப்படியே. வரிசை பூராவும் பாண்டீஸ்வரி. இந்த வகுப்பில் பாண்டீஸ்வரி யார் என்று சார் கேட்டார். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்படி யாருமே இல்லை.

அப்படியா என்றார் சார்.

எனக்கு மண்டைக்குள் கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. இல்லாத பிள்ளையைச் சேர்த்துக் காட்டியிருக்கிறார்களா? வேறு ஊர் மெஷின்களை அள்ளிக்கொண்டு வந்து, அடிப்பக்க எண்ணை மட்டும் மாற்றி ஒட்டியிருக்கிறார்களா? ஏதோ கடையில் கொடுத்துத் திருட்டுக் காப்பி ஏற்றிவிட்டார்களா? மூன்றுக்கும் வழி இருந்தது. ஜெசிந்தா டீச்சர் முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தார். அந்த விரல்கள் எனக்குப் பிடிக்கவில்லை.

சிஸ்டர் பயந்துவிட்டார். பள்ளிக்கு அவப்பெயர் வந்துவிடும் என்ற பயம். எங்கள் முன்னாலேயே, எது தவறாக இருந்தாலும் நிர்வாகத்துக்குச் சம்பந்தமில்லை, ஜெசிந்தாவை இன்றோடு நிறுத்திவிடுகிறோம் என்றார். அது வெறும் பேச்சில்லை. சார் தன் அறிக்கையில் ‘முறைகேடு’ என்று ஒரு சொல் போட்டால் போதும், அந்த அம்மாவுக்கு மறுநாள் வேலை இல்லை. இது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஜெசிந்தா டீச்சர் மெதுவாகச் சொன்னார். மெஷின்கள் வந்தபோது இரண்டு விதமாகவும் திறக்கிற மாதிரி இருந்தன, ஒரு பக்கம் கட்டற்ற மென்பொருள், மறுபக்கம் காசு கொடுத்து வாங்குகிற வழக்கமான மென்பொருள். பிள்ளைகளின் அண்ணன்மாரும் மாமன்மாரும் படம் பார்க்க வசதியாக இருக்கும் என்று திருமங்கலத்துக்குக் கொண்டுபோய், கடைகளில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திருட்டுக் காப்பி போட்டுக்கொண்டு வந்தார்கள். கூடவே வைரஸும் வந்தது. அரையாண்டு வருவதற்குள் பாதி மெஷின் திறக்கவே இல்லை. முந்தைய வருஷம் படித்து முடித்துப்போன பாண்டீஸ்வரி என்ற பெண்ணின் மெஷின் மட்டும் வந்தபடியே இருந்தது, ஏனென்றால் அந்த வீட்டில் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக அண்ணன் யாரும் கிடையாது. அவள் அதைக் குடைந்து குடைந்து, தமிழில் அடிக்க வைத்து, பாடக் கேள்வி பதில்களை அடித்து, டீச்சர் நடத்திய பாடங்களைக் குரலாகப் பதிந்து, நன்றாக வைத்திருந்தாள். அதைத்தான் பென்டிரைவில் எடுத்து எல்லா மெஷினுக்கும் போட்டோம் என்றார். மெஷினோடு அவள் பெயரும் வந்துவிட்டது.

கதை நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிற கதைதான் எனக்கு ஆகாது.

அப்படியானால் அந்த ஒரிஜினல் மெஷின் இருக்குமே, அதைப் பார்க்கலாமா என்றார் சார். ஜெசிந்தா டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. அது அவள் வீட்டில் இருக்கும், வீடு தூரம் என்றார். நானும் சாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் பெண் இப்போது எங்கே என்று நான் கேட்டேன். பேரையூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாளாம். காப்பியெடுத்த பெண்ணுக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சாருக்கு வரவில்லை. கூப்பிட்டு வரச் சொன்னார்.

சுடிதாரில், துப்பட்டாவில் ஜெராக்ஸ் மசியோடு, ஒரு சின்னப் பெண் வந்து நின்றாள். இதுதான் பாண்டீஸ்வரி. இல்லாத பிள்ளை என்று நான் முடிவுகட்டியிருந்தவள். டீச்சரைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், நிலைமையைப் புரிந்துகொண்டாள்.

“உன் மெஷினைக் கொண்டுவாம்மா” என்றார் சார்.

“அது இல்ல சார். எங்கப்பா வித்துட்டாரு.”

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் மறைத்தது இதைத்தான். வேலையே போகிற நிலையிலும் அந்தப் பெண்ணின் அப்பாவைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. முந்தானையைத் திருகிய விரல்களின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“அப்ப ஒரிஜினலே இல்ல?” சார் விடவில்லை.

“ஒரிஜினல் எதுக்கு சார்? இந்தா இருக்குல்ல, அம்புட்டும் அதேதான். எதுல இருந்து வேணாலும் எதுக்கும் எடுத்துக்கலாம். எடுத்தா கொறைஞ்சா போகுது?”

சார் அந்த மெஷின்களைத் திரும்பிப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க இரண்டு தாளில் ஒன்று மூலம், ஒன்று திருட்டு என்று பிரித்துப் பழகிய மனிதர். வரிசையாக இத்தனை மெஷின், எல்லாம் ஒன்றுபோல, திருடியவன் என்று ஒருவன்கூட இல்லை. தாடிக்கார இளைஞர் பயிற்சியில் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்குப் புரியாதது, ஒரு ஜெராக்ஸ் கடைப் பெண் சொல்லி, பாதியாவது புரிந்தது.

வரிசையில் இருந்து ஒரு மெஷினைச் சார் எடுத்தார். இதை அழித்துவிட்டு மறுபடி செய்து காட்டு என்றார். மெஷினுக்குரிய பெண் அழுகிற நிலைக்குப் போய்விட்டாள், தேர்வுக்கு அவள் படிப்பதெல்லாம் அதற்குள்தான் இருந்தது. திரும்பி வந்துரும் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் பாண்டீஸ்வரி உட்கார்ந்தாள். பக்கத்து மெஷினில் இருந்து பென்டிரைவில் எடுத்தாள், இதில் போட்டாள். நாங்கள் திரையைப் பார்க்கவில்லை. விரலைப் பார்த்தோம். அந்த விரல் எங்கேயும் தேடவில்லை. இடையில் நிற்க வேண்டிய இடங்களில் மட்டும் நின்றது, மெஷின் வேலை முடிக்கட்டும் என்று காத்திருந்தது. மெஷின் திறந்தது. பாடம் திரும்பி வந்தது. முகப்பில் பாண்டீஸ்வரி என்று வந்தது.

“பேரை ஏன் எடுக்கல? டீச்சர் சொல்லலையா?”

“சொன்னாங்க சார். மொதல்ல நேரமில்ல. அப்புறம் எம் மெஷினு போயிருச்சு. பேராச்சும் இருக்கட்டும்னு விட்டுட்டேன். டீச்சர் மேல தப்பு இல்ல.”

ஆனாலும் என் வேலையை நான் மறக்கவில்லை. நாங்கள் தேடி வந்தது விற்கப்பட்ட லேப்டாப், இதோ ஒன்று கிடைத்துவிட்டது, விற்றவர் யார் என்பதும் தெரிந்துவிட்டது. சார் எழுதுவார் என்று பேனாவை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. அப்பா விற்றதை நீ கண்ணால் பார்த்தாயா என்று அவளிடம் கேட்டார். பீரோவில் வைத்திருந்தேன், வந்து பார்த்தேன், காணவில்லை என்றாள். பார்க்காததைச் சொல்லக் கூடாது, சொன்னாலும் நாங்கள் எழுத முடியாது என்றார். பேனா என் கையிலேயே இருந்தது.

பிறகு, முறைப்படி ஒவ்வொரு மெஷினும் அதற்குரிய பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும், இப்போதே மாற்றியாக வேண்டும் என்றார். மாற்ற வேண்டியது யார்? அவளேதான். ஒவ்வொரு பெண்ணாக வந்து நின்றார்கள். பாண்டீஸ்வரி தன் பெயரை அழித்தாள், நகர்ந்து இடம் விட்டாள், அந்தப் பெண் தன் பெயரை அடித்தாள். செல்வராணி, முத்துப்பேச்சி, ஆரோக்கியமேரி, நாகஜோதி. சார் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். நடுவில் ஒருமுறைகூட உட்காரவில்லை. இவ்வளவு கறாராக இருக்க வேண்டுமா, ராத்திரியோடு ராத்திரியாக டீச்சரே மாற்றிவிட மாட்டாரா என்று எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அந்தப் பெண் கண் கலங்கவில்லை. வேலையை ஒழுங்காகச் செய்தாள்.

கடைசியாக ஒரு மெஷின் மிஞ்சியது. அதற்குரிய பெண் நடுவில் டிசி வாங்கிக்கொண்டு வெளியூர் போய்விட்டாளாம், மெஷினைப் பள்ளியில் விட்டுவிட்டாள். அதிலும் பாண்டீஸ்வரிதான். விதிப்படி இப்படி ஆளில்லாத மெஷினை நாங்கள் மதுரைக்குத் திருப்பி எடுத்துவந்துவிட வேண்டும். நான் சாரின் துண்டை எடுத்து வைத்துக்கொண்டேன், மடியில் போர்த்த வேண்டுமே.

சார் அந்த மெஷினை மூடினார். சிஸ்டரிடம் சொன்னார்:

“நாங்க பஸ்ல வந்திருக்கோம். அரசாங்கப் பொருளை பஸ்ல கொண்டுபோக முடியாது. இங்கயே இருக்கட்டும்.”

பேரை என்ன செய்வது என்று டீச்சர் கேட்டார். பேரில்லாத மெஷினைச் சரிபார்க்க முடியாது, புதுப் பேர் வருகிறவரைக்கும் பழைய பேர் இருக்கட்டும் என்றார். வெளியாட்கள் இதைத் தொடலாமா என்று சிஸ்டர் கேட்க, பள்ளி நேரத்தில் வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது என்றார். பள்ளி நேரத்தில் என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னாரா, எனக்கு அப்படிக் கேட்டதா, தெரியாது. அறிக்கையில் முறைகேடு என்ற சொல் இல்லை. ‘பெயர்கள் திருத்தப்பட்டன’ என்று மட்டும் இருந்தது. ஜெசிந்தா டீச்சரின் வேலை தப்பியது.

பஸ் நிலையத்தில் அவர் தயிர்சாதம் சாப்பிட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பிறகு ஞாபகம் வந்து விரலைப் பார்த்தேன். வழக்கம்போலத்தான் சாப்பிட்டது. மதுரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். மடி காலியாக இருந்தது. அலங்காநல்லூரில் இருந்து துண்டு போர்த்தி, லக்கேஜ் டிக்கெட் வாங்கி ஒரு மெஷினைக் கொண்டுவந்தாரே, அது பஸ் இல்லையா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்படியா என்றிருப்பார்.

அவர் இரக்கப்பட்டுத்தான் அப்படிச் செய்தாரா, அல்லது நிஜமாகவே ஏதாவது விதி மாறி எனக்குத் தெரியாமல் போனதா? நான் தேடிப்பார்த்தேன், அப்படி விதி எதுவும் இல்லை. மிஷன் பள்ளி என்று விட்டுக்கொடுத்தாரோ என்றுகூட ஒரு நாள் தோன்றியது, அதற்காக என்னையே திட்டிக்கொண்டேன். அவர் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. இனி யாரைக் கேட்பது?

இலவசமாக வருவதன்மேல் என் சந்தேகம் இன்னும் போகவில்லை. இப்போது வரப்போகிற புது லேப்டாப்பிலும் உள்ளே என்ன இருக்கிறது, யார் பார்க்கிறார்கள் என்று கவிதாவைத் துளைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அந்தத் தாடிக்காரரிடம் நான் கேட்ட கேள்வியை இப்போது கேட்க மாட்டேன். கொடுத்தவர்களுக்கு என்ன லாபம் என்று தெரிய வேண்டுமானால் அந்த வரிசையில் நின்ற பெண்களின் மெஷின்களைத் திறந்து பார்த்திருந்தால் போதும்.

நேற்று கவிதாவுக்கு நானே போன் செய்தேன். மெஷினைக் கழிக்கிற பட்டியலில் சேர்க்க வேண்டாம், அது நன்றாக ஓடுகிறது, பழைய மெஷினிலும் ஓடுகிற சரக்குத்தான் உள்ளே இருக்கிறது என்றேன். அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை வருவது அந்தப் பாண்டீஸ்வரிதான் என்று நிச்சயமாகத் தெரியுமா சார் என்று கேட்டார். கவிதாவும் என்னைப்போலத்தான், லேசில் நம்புகிறவர் இல்லை. அதனால்தான் அந்த நாற்காலிக்கு அவர் வந்ததில் எனக்கு நிம்மதி.

“தெரியாதும்மா. நான் சொல்றேன்னு நம்பாத. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நீயே போய்ப் பாரு. யார் உக்காந்திருந்தாலும் முகத்தைப் பாக்காத, விரலைப் பாரு.”

சரி சார், ஆபீஸ் வண்டிக்குச் சொல்லிவிடுகிறேன் என்றார்.

“வண்டி வேணாம்” என்றேன். “பஸ்ல போ.”